பதிமூன்று வரிக் குர்ஆனும் மூன்று மதரஸாக்களும்

மிளகாய் வாங்கப் போகிறவன் சாக்கின் மேல்பகுதியைப் பார்த்து மயங்கக் கூடாது. கையை அடிவரை விட்டு ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, உடைத்துப் பார்க்க வேண்டும். பரமக்குடியில் இத்தனை வருடம் மிளகாய் மண்டி வைத்திருந்து நான் கற்ற ஒரே வித்தை இதுதான். இந்த வித்தையை நம்பித்தான் என் தங்கை மும்தாஜ் என்னைப் பினாங்குக்கு வரவழைத்தாள். மிளகாய் பார்க்க அல்ல, அவள் மகன் இர்ஃபானுக்கு மதரஸா பார்க்க.

சாதாரண மதரஸா அல்ல, ஹிஃப்ழு மதரஸா. குர்ஆனின் முப்பது பாகங்களையும் ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடம் செய்ய வைக்கும் இடம். இர்ஃபானுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுப் பக்கத்தில் மாலை வகுப்பு நடத்திய நம்மூர் ஹஸ்ரத் ஒருவரிடம் எட்டுப் பாகம் முடித்திருந்தான். அந்த ஹஸ்ரத் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். புதிதாகச் சேர்ந்த வகுப்பில் மூன்றே மாதத்தில் எட்டுப் பாகமும் குழம்பிவிட்டதாம். "மறந்து போச்சும்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான் என்று தங்கை போனில் அழுதாள்.

"நீங்களும் ஓதுனவங்கதானே அண்ணே, நீங்க வந்து பாத்தா தெரியும்" என்றாள். நானும் ஓதினவன்தான். பதினோரு பாகம் வரைக்கும். பதினாலு வயதில் பாதியில் விட்டுவிட்டு மண்டிக்கு வந்து உட்கார்ந்தவன். எங்கள் வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை.

முதல் நாள் சாப்பாட்டிலேயே போனது. தங்கை வீடு ஜார்ஜ்டவுனில் ஒரு அடுக்குமாடியின் பதினாலாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல். எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தின் பாரந்தூக்கிகள். மச்சினன் சாதிக் அங்கே மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மெஷின் பழுது பார்ப்பவர். தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரியில் போய் வருகிறார். நம்மூரில் பரமக்குடியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போய் வேலை பார்ப்பவர்கள் முகத்தில் இருக்கும் சலிப்பு அவர் முகத்தில் இல்லை. கடல் காற்று காரணமாக இருக்கலாம்.

என்னை நேராக நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றுக் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனார். சோற்றைத் தட்டில் போட்டதும் கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பஞ்சிரா அண்ணே?" நான் விழித்தேன்.

"வெள்ளம்னு அர்த்தம் மச்சான். எல்லா கொழம்பையும் மேல ஊத்துவாங்க. சொல்லுங்க லா, ஆமான்னு" என்றார் சாதிக்.

ஆமாம் என்றேன். கோழிக் குழம்பு, மீன் தலைக் குழம்பு, பருப்பு, ஏதோ ஒரு கருப்புக் குழம்பு என ஐந்து கரண்டி ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது. நம் வீட்டில் இப்படி ஊற்றினால் சண்டை வரும். ஆனால் அந்தச் சுவை இருக்கிறதே, ஒவ்வொரு வாயும் வேறு வேறாக இருந்தது. மிளகாயைப் பற்றி ஒரு குறை சொல்லலாம் என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை சோறு வாங்கினேன்.

கை கழுவிவிட்டு வந்ததும் சாதிக் விஷயத்துக்கு வந்தார். "சனிக்கிழமையோட எல்லா எடத்துலயும் சேர்க்கை முடியுது மச்சான். மூணு எடம் பாத்து வச்சிருக்கோம். மூணுலயும் முடியலைன்னா விட்டுருவோம். பள்ளிக்கூடம் மட்டும் போகட்டும். புள்ளைய இதுக்கு மேல படுத்த முடியாது." மும்தாஜ் அன்று கடைக்கு வரவில்லை. இதை அவள் முன்னால் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டாம் நாள் முதல் மதரஸா. ஜார்ஜ்டவுனிலேயே இருந்தது. உள்ளே நுழைந்தால் குளிர்பதன அறைகள், வழுவழுவென்ற தரை, வரிசையாக அடுக்கிய காலணிகள். பையன் இன்று எத்தனை வரி ஓதினான் என்று சாயங்காலம் பெற்றோரின் போனுக்குச் செய்தி வந்துவிடுமாம். என் வித்தைப்படி நேராகச் சமையல்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அண்டாக்களின் அடிப்பாகம்கூடப் பளபளத்தது. எங்கள் காலத்து மதரஸா அண்டாவை நினைத்துக்கொண்டேன். அதன் உண்மையான நிறம் என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

தலைமை ஆசிரியரான உஸ்தாஸ் மலாயில் பேசினார், மும்தாஜ் தமிழில் சொன்னாள். அவ்வளவு மரியாதையான மனிதர். பையன் பதற்றமாக இருக்கிறான், முதலில் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர்களின் குர்ஆன் ஒன்றைக் கொடுத்துப் பத்து நிமிடம் தனியாக விட்டார். பிறகு அதை மூடிவைத்து, நடுவிலிருந்து ஒரு வசனத்தை எடுத்துக் கொடுத்துத் தொடரச் சொன்னார்.

இர்ஃபான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். வலது கையின் ஆள்காட்டி விரல் முழங்காலில் வலமிருந்து இடமாக ஓடியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஓடியது. பெரியவர்கள் முன்னால் இது என்ன பழக்கம் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. "விரல ஆட்டாம ஒழுங்கா ஓதுப்பா" என்று காதோரம் சொன்னேன். அவன் கையை மடக்கிக்கொண்டான். அடுத்த வரியிலேயே நின்றுவிட்டான். அப்புறம் வரவே இல்லை.

"பரவாயில்லை, முதல் பாகத்திலிருந்து புதிதாக ஆரம்பிக்கலாம்" என்றார் உஸ்தாஸ். இதமாகத்தான் சொன்னார். எட்டுப் பாகத்தை அழித்துவிட்டு மறுபடி அலிஃப் லாம் மீம். இர்ஃபான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். பச்சை இழைகளும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லப் பாகும் சேர்ந்த குளிர்ந்த பானம், மிக நன்றாக இருந்தது. அவன் பனிக்கட்டி கரையும்வரை கரண்டியால் கிண்டிவிட்டு வைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் செபராங் ஜெயாவில் இரண்டாவது இடம். மும்தாஜுக்குத் தலைவலி. நானும் மருமகனும் மட்டும் ஃபெர்ரியில் அக்கரை போய் பஸ் ஏறினோம். "இந்த பஸ்தான் மாமா" என்றான் அவன். "இல்லப்பா, அந்த பஸ்" என்றேன் நான். ஊருக்கு வந்து மூன்று நாள்கூட ஆகாதவன் பேச்சு எடுபட்டது, தாய்மாமன் என்ற மரியாதைதான். அரை மணி நேரம் கழித்து இருபுறமும் தகரக் கூரைப் பட்டறைகள் வந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பெண்மணி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, மலாயில் ஏதோ கேட்டுவிட்டு, மணியை அழுத்தி, எங்களோடு இறங்கி, எதிர்ப்பக்கம் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு நடந்தார். "அவங்க எறங்க வேண்டிய எடம் இது இல்ல மாமா" என்றான் இர்ஃபான். நமக்காக இறங்கி நடக்கிற ஒரு மனுஷியை நான் முதன்முதலில் பார்த்தேன்.

இறங்கிய இடம் மாக் மண்டின். நாலு வாசல் தள்ளி தேநீர் இடைவேளையில் நின்றிருந்தார் சாதிக், கையெல்லாம் கிரீஸ்.

"என்னா மச்சான், வேலைக்குச் சேர வந்துட்டீங்களா?"

சிரித்துவிட்டு, பையனை ஒரு பாக்கெட் பானம் வாங்க அனுப்பினார். அவன் போனதும் சிரிப்பும் போனது. "குளிக்கிற ரூம்ல பைப்ப தொறந்து விட்டுட்டு அழுவுறான் மச்சான். தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நெனைக்கிறான். எனக்குக் கேக்குது. ரொம்ப சூசா லா, ரொம்ப கஷ்டம், இத தாங்குறது."

பதினாலு வயதில் நானும் இப்படித்தான் அழுதேன். நான் பைப்பைத் திறந்துவிடவில்லை, கிணற்றில் வாளியை இறக்கி இறக்கி இழுப்பேன். வேறு வித்தியாசம் இல்லை.

இரண்டாவது மதரஸா கடைவீதியின் மேல்மாடியில் இருந்தது. ஓதும் சத்தம் படிக்கட்டிலேயே மழை மாதிரி விழுந்தது. கண்டிப்பும் பாசமும் உள்ள இடம். பையன்கள் எங்களுக்கு வரிசையாக வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அங்கேயும் அதே கதைதான். பார்த்துக்கொள்ள ஒரு குர்ஆன், பிறகு சோதனை, நாலு வரியில் தடுமாற்றம், முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்ற பதில். அங்கேயும் நான் அவன் விரலைப் பிடித்து அடக்கினேன். இதை எழுதும்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நான்காம் நாள் மூன்றாவது இடம், கெப்பாலா பத்தாஸ் பக்கம். மும்தாஜ் காரில் அழைத்துப் போனாள். ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். அதன் நடுவே கால்களின் மேல் நிற்கும் ஒரு மரவீடும் ஒரு நீளமான கூடமும். அதுதான் மதரஸா, முப்பது நாற்பது பிள்ளைகள். கூடத்துக்குப் பின்னால் மிளகாய்ப் பாத்தி! ஊசி மிளகாய், நல்ல செழிப்பு. ஆனால் இரண்டு செடியில் இலை சுருண்டிருந்தது. மிளகாயைப் பார்த்து மதரஸாவைத் தேர்ந்தெடுத்துவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்தான் உஸ்தாஸ் ஹாரிஸ். முப்பது வயதுகூட இருக்காது. தாய் மலாய்க்காரர், தந்தை தமிழ் முஸ்லிம். அவர் பேசியது அப்பாவின் சாப்பாட்டுக் கடையில் கற்ற தமிழ்.

"ஒக்காருங்க அண்ணே. மொதல்ல தே தாரிக் குடிங்க. அப்பறம் பேசலாம் லா."

மேசை நாற்காலி எதுவும் இல்லை. பாயை விரித்து, கையைத் துடைத்துக்கொண்டு இர்ஃபான் எதிரில் உட்கார்ந்தார். குர்ஆன் எதையும் கொடுக்கவில்லை. "ஒனக்கு ரொம்பப் புடிச்சத ஓது தம்பி" என்றார்.

இர்ஃபான் ஆரம்பித்தான். விரலும் ஆரம்பித்தது. நான் வாயைத் திறந்தேன்: "விரல..."

"அண்ணே, விடுங்க லா" என்றார் அவர், அவன் முழங்காலிலிருந்து பார்வையை எடுக்காமலே. "அந்த வெரல்தான் ஓதுது."

இர்ஃபான் ஒரு பக்கம் போல ஓதிவிட்டு நின்றான். கண்ணீர் வந்துவிட்டது. ஹாரிஸ் அவனைத் திரும்ப ஓதச் சொன்னார், தானும் தன் விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். மூன்றாவது தடவையும் ஓதவைத்தார். பிறகு கேட்டார்: "தம்பி, ஒன் வெரல் பதிமூணு தடவ எறங்குது, அப்பறம் மேல போவுது. எங்க குர்ஆன்ல ஒரு பக்கத்துக்குப் பதினஞ்சு வரி. நீ எந்தக் குர்ஆன்ல ஓதுன?"

இர்ஃபான் என்னைப் பார்த்தான். "மாமா அனுப்புனது."

ஆமாம், நான் அனுப்பியதுதான். அவன் ஓத ஆரம்பித்தபோது நம்மூரில் கிடைக்கும் பதிமூன்று வரிப் பதிப்பை, எழுத்துப் பெரிதாக இருக்குமே என்று பார்த்து வாங்கி அனுப்பினேன். நானும் சின்ன வயதில் ஓதியது அதே மாதிரி ஒன்றில்தான்.

"அது இப்ப எங்க?"

"அலமாரி மேல" என்றாள் மும்தாஜ். "புது வகுப்புல எல்லார் கையிலயும் ஒரே மாதிரிதான் இருக்கணும்னு சொன்னாங்க. அதனால துணியில சுத்தி வச்சுட்டேன்."

ஹாரிஸ் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு நிதானமாக விளக்கினார். மனப்பாடம் செய்கிற பிள்ளை காதால் மட்டும் ஓதுவதில்லை, கண்ணாலும் ஓதுகிறது. எந்த வசனம் வலப் பக்கத்தில், எத்தனையாவது வரியில், எந்த ஓரத்தில் இருக்கிறது என்று மனசுக்குள் பக்கமே படிந்துவிடும். வேறு பதிப்பைக் கையில் கொடுத்தால் சொல் அதேதான், இடம் எல்லாம் மாறிப்போகும்.

"வீட்ட மாத்திட்டு, பழைய வீட்டு சுவிட்ச இருட்டுல தேடுற மாரி அண்ணே. கைக்கு செவுருதான் தட்டுப்படும். மலேசியாவுல எல்லாப் புள்ளையும் ஒரே பதிப்புதான், அதனால யாரும் கேக்க மாட்டாங்க. இவன் ஒண்ணும் மறக்கல. ஒரு எழுத்தும் மறக்கல."

மும்தாஜ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து மிளகாய்ப் பாத்திக்குப் போய்விட்டேன். சுருண்ட இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது.

பதினோரு பாகம் முடித்து, பன்னிரண்டாவதின் முதல் பக்கம் ஓதிக்கொண்டிருந்தபோது என் அத்தா என்னைப் பெரிய மதரஸா ஒன்றில் சேர்த்தார். பெரிய ஊர், பெரிய கட்டடம். போன முதல் நாளே என் பழைய குர்ஆனை வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டு, எல்லோரும் வைத்திருக்கும் பதிப்பைக் கொடுத்தார்கள். அதன் பிறகு எனக்கு ஒன்றும் வரவில்லை. மண்டு என்று நான் என்னை முடிவு செய்தேன். அத்தாவும் அப்படியே முடிவு செய்து, ஒரு வார்த்தை திட்டாமல் மண்டியில் உட்கார வைத்தார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். முப்பத்தைந்து வருடமாக அந்த மண்டுத்தனத்தை வைத்துக்கொண்டுதான் வாழ்ந்திருக்கிறேன். அத்தா இப்போது இல்லை. அவரிடம் போய்ச் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து ஹாரிஸ் பக்கத்தில் வந்து நின்றார். "இந்த எலைக்கு என்னா பண்ணலாம் அண்ணே?" என்றார். அந்த இரண்டு செடியையும் பிடுங்கி எரித்துவிடுங்கள், இல்லையென்றால் மற்றதற்கும் பரவும் என்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னதும் குரல் சரியானது.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. சாதிக் லீவு போட்டுவிட்டு வந்தார். அலமாரி மேலிருந்த குர்ஆனைத் துணியோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி நான் மடியில் வைத்துக்கொண்டேன். பாலம் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. நம்மூர் மழை வருவதற்கு முன் ஆயிரம் ஜாடை காட்டும், இங்கே வாளியைக் கவிழ்ப்பதுதான். மதரஸாவுக்குப் போகும் பாதை வாய்க்காலோடு சேர்ந்துவிட்டது. குர்ஆனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கால் வழுக்கி இடுப்புவரை வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டேன். கை மட்டும் இறங்கவில்லை. கூடத்து ஜன்னலெல்லாம் தலைகள். ஒருவன் மலாயில் கத்தினான், இர்ஃபான் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: "மாமா நனஞ்சுட்டாரு, குர்ஆன் நனையலன்னு சொல்றாங்க." இந்த ஐந்து நாளில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

யாருடைய கைலியோ கொடுத்தார்கள், மாற்றிக்கொண்டேன். எல்லோரும் கை, முகம், கால் கழுவி ஒளு செய்தோம். ஹாரிஸ் அந்தப் பதிமூன்று வரிக் குர்ஆனைப் பலகையில் விரித்து, "பாரு தம்பி, அவசரமே இல்ல" என்றார். இர்ஃபான் பக்கத்தைத் தடவிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவன் ஓதினான். விரல் முழங்காலில் இறங்கி இறங்கி ஓடியது. யாரும் அதைத் தடுக்கவில்லை. ஒரு பக்கம் போனது, இரண்டு, நான்கு. இரண்டு இடத்தில் தயங்கினான், தானே பிடித்துக்கொண்டான். வெளியே மழை விட்டபோதும் ஓதிக்கொண்டிருந்தான்.

சாதிக்குக் குர்ஆனைப் பார்த்து ஓதத் தெரியும், மனப்பாடமாகச் சின்னச் சின்ன அத்தியாயங்கள்தான். என் தோளை இடித்து மெல்லக் கேட்டார்: "நிக்கல இல்ல மச்சான்? நடுவுல நிக்கவே இல்ல இல்ல?"

"நிக்கல மாப்ளே."

சேர்க்கைத் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஹாரிஸ் என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டார். "ஊருக்குப் போனதும் இதே மாரி ஒண்ணு எனக்கு அனுப்புங்க அண்ணே. முப்பது பாகம் முடிக்கிற வரைக்கும் அவன் இதுலதான் ஓதணும். அவன் எந்த வரியில நிக்கிறான்னு நானும் பாக்கணும்ல?"

முழுக் குர்ஆனையும் வேறு பதிப்பில் மனசில் வைத்திருக்கும் ஒருவர், ஒரு பையனுக்காக இன்னொரு பதிப்பின் பக்கங்களில் போய் உட்காரத் தயாராக இருக்கிறார். அவர்களின் சமையல்கட்டை நான் கடைசிவரை போய்ப் பார்க்கவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை.

மும்தாஜும் சாதிக்கும் பெட்டி, படுக்கை விரிப்பு வாங்கக் கடைக்குப் போனார்கள். எனக்கு ஃபெர்ரியில் இன்னொரு தடவை போக ஆசை. எங்கள் இருவரையும் துறையில் இறக்கிவிட்டார்கள். மழை கழுவிய கடல், எதிரே ஜார்ஜ்டவுன் வெயிலில் மின்னியது. இர்ஃபான் குர்ஆனை நெஞ்சோடு வைத்திருந்தான்.

"மாமா, அம்மா சொன்னாங்க, நீங்களும் ஓதுனீங்களாமே. எதுல விட்டீங்க?"

"பன்னெண்டாவது பாகம். மொதப் பக்கம்."

"ஓதுங்க. நான் பாக்குறேன்."

"அதெல்லாம் போச்சுப்பா. முப்பத்தஞ்சு வருசம்."

"ஓதுங்க மாமா" என்று சொல்லி அவன் பக்கத்தைத் தேடி விரித்துக்கொண்டான், எனக்குத் தெரியாமல் சாய்த்து.

கண்ணை மூடினேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாமல் மேலும் சில வரிகள் வந்தன. பிறகு சுவர். எனக்கு நன்றாகப் பழக்கமான அந்தச் சுவர். போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மாமா, அவசரப்படாதீங்க. ஒம்பதாவது வரி. வலது ஓரம்."

அந்தப் பழைய பக்கத்தைத் தேடினேன். பரமக்குடிச் சின்ன மதரஸாவின் பாய், பலகை, அதன் மேல் மஞ்சள் பூத்த தாள். மேலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஒன்பதாவது வரியின் வலது ஓரத்தில், நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே அந்தச் சொல் இருந்தது.

ஓதினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன், என் விரல் முழங்காலில் வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டிருந்தது. இர்ஃபான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டாதீங்க என்று அவன் சொல்லவில்லை.